டி-ரெக்ஸ் துரத்தினால் தப்பிக்க முடியுமா? டைனோசர்களின் வேகக் கணக்கு

"எந்த டைனோசர் எவ்வளவு வேகமாக ஓடும்? டி-ரெக்ஸ் ஜீப்பையே துரத்திப் பிடிக்குமா? ஒரு புத்தகத்தில் மணிக்கு 70 கி.மீ. என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 20 என்று இருக்கிறது. எதை நம்புவது?" இதுதான் கேள்வி.

ஜீப் விஷயத்துக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: பிடிக்காது. வண்டி கிளம்பி மூன்றாவது கியர் விழுந்துவிட்டால் டி-ரெக்ஸ் எங்கோ பின்னால் நின்றுவிடும். ஆனால் 70, 20 என்று இரண்டு எண்கள் ஏன் உலவுகின்றன என்பது நல்ல கேள்வி. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஒரு டைனோசரின் பெயருக்குப் பக்கத்தில் வேகம் எழுதியிருந்தால், அது எப்படி வந்தது என்று கேட்காமல் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளக் கூடாது. வேகத்தைக் கணக்கிட முக்கியமாக இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, கல்லாகிப்போன காலடித் தடம். இன்னொன்று, எலும்பும் அதில் ஒட்டியிருந்த தசையும். அந்த விலங்கு என்றோ ஒரு நாள் என்ன செய்தது என்பதைத் தடம் காட்டும். அதன் உடம்புக்கு எது முடியும், எது முடியாது என்பதை எலும்பு காட்டும்.

முதலில் தடம். பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த மெக்நீல் அலெக்சாண்டர், 1976-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். டைனோசர் வேகத்தைப் பற்றி இன்றைக்கு யார் பேசினாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கப்பல் கட்டும் துறையில் வில்லியம் ஃப்ரூட் என்ற 19-ஆம் நூற்றாண்டுப் பொறியாளரின் பெயரில் ஓர் எண் உண்டு. சின்ன மாதிரிக் கப்பலைத் தொட்டியில் இழுத்துப் பார்த்துப் பெரிய கப்பல் எப்படிப் போகும் என்று கணிக்க உதவும் எண் அது. அலெக்சாண்டர் அதைக் கால்களுக்குக் கொண்டுவந்தார். வேகத்தின் வர்க்கத்தை, இடுப்பு உயரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். இந்த எண் இரண்டு விலங்குகளுக்கு ஒன்றாக இருந்தால், ஒன்று எலியளவும் இன்னொன்று யானையளவும் இருந்தாலும், அவை ஏறக்குறைய ஒரே பாணியில்தான் கால் வீசும். நாயும் குதிரையும் மனிதனும் இதற்குக் கட்டுப்படும்போது டைனோசரும் கட்டுப்பட்டிருக்கும் என்பது அவருடைய வாதம்.

இதற்கு இரண்டே இரண்டு அளவுகள் போதும். இடக்கால் பதிந்த இடத்திலிருந்து அதே இடக்கால் அடுத்து பதிந்த இடம் வரை உள்ள தூரம் ஒன்று. இதை நடைவீச்சு என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று இடுப்பு உயரம். விலங்குதான் இல்லையே, இடுப்பு உயரத்துக்கு எங்கே போவது? தடத்தின் நீளத்தை 4-ஆல் பெருக்கிக்கொள்வார்கள். அப்புறம் நடைவீச்சை 1.67 அடுக்குக்கு உயர்த்தி, அதை இடுப்பு உயரத்தின் 1.17 அடுக்கால் வகுத்து, 0.78-ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும்.

இதை நான் என் அண்ணன் மகனை வைத்துக் கடற்கரையில் செய்து பார்த்திருக்கிறேன். அலை வந்து திரும்பிய ஈர மணலில் தடம் அச்சு அச்சாக விழும். பையனுக்கு இடுப்பு உயரம் 70 செ.மீ. சாதாரணமாக நடக்கச் சொல்லி, தையல் டேப்பால் அளந்தால் நடைவீச்சு 1.1 மீட்டர். கணக்குப் போட்டால் மணிக்கு 5 கி.மீ. ஓடச் சொன்னேன். நடைவீச்சு 2.2 மீட்டர், அதாவது சரியாக இரண்டு மடங்கு. வேகம் எவ்வளவு என்கிறீர்கள்? 16 கி.மீ., மூன்று மடங்குக்கும் மேல். கால் எட்டிப் போடுவது கொஞ்சம் கூடினாலும் வேகம் அதைவிட அதிகமாக ஏறும் என்பதை அன்றைக்குத்தான் நான் கையால் அளந்து உணர்ந்தேன். நடைவீச்சு இடுப்பு உயரத்தைப் போல் இரண்டு மடங்குக்குள் இருந்தால் நடை, 2.9 மடங்கைத் தாண்டினால் ஓட்டம், இடையில் இருப்பது குதிநடை என்பது பொதுவான அளவுகோல். பையனின் இரண்டாவது தடம் 3 மடங்கைத் தாண்டியிருந்தது. ஓட்டம்தான்.

இதே கணக்கை ஒரு டைனோசருக்குப் போடுவோம். மூன்று விரல் தடம், 30 செ.மீ. நீளம். அப்படியென்றால் இடுப்பு உயரம் 1.2 மீட்டர். நடைவீச்சு 1.6 மீட்டர் என்றால் வேகம் 5 கி.மீ.; காலாற நடந்து போயிருக்கிறது. அதே தடம், நடைவீச்சு 4.5 மீட்டர் என்றால் 28 கி.மீ. சரி, இப்போது இடுப்பு உயரத்துக்கு 4-க்குப் பதிலாக 5-ஆல் பெருக்கிப் பாருங்கள். அதே 28, 22-ஆகக் குறைந்துவிடும். தடம் மாறவில்லை, டேப் மாறவில்லை. நாம் ஊகித்த ஒரே ஓர் எண் மாறியது. 'டைனோசர் தடத்திலிருந்து வேகம் கண்டுபிடித்தார்கள்' என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இந்த 28-ஐயும் 22-ஐயும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேறு இன்னொரு சிக்கல். சேற்றில் கால் வைத்தால் தடம் பிதுங்கும், வழுக்கும், நடையே மாறும். 2025-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கினிக்கோழிகளைச் சேற்றில் நடக்கவும் ஓடவும் விட்டு, அவற்றின் உண்மையான வேகத்தையும் தடத்திலிருந்து சூத்திரம் சொன்ன வேகத்தையும் ஒப்பிட்டார்கள். சூத்திரம் பெரும்பாலும் கூட்டியே சொன்னது. சில இடங்களில் நாலு மடங்குக்கும் மேல். கல்லில் இன்று நமக்குக் கிடைக்கும் தடங்கள் பெரும்பாலும் ஒரு காலத்தில் சேற்றிலோ ஈர மணலிலோ பதிந்தவை என்பதால் இது சாதாரண விஷயம் இல்லை. நான் தட வேகங்களை இன்னும் மதிக்கிறேன், ஆனால் முன்பு மதித்த அளவுக்கு இல்லை.

இவ்வளவு எச்சரிக்கையும் சொன்ன பிறகும் சில தடங்களைப் பார்த்தால் மெய்சிலிர்க்கும். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆர்ட்லி என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்று இருக்கிறது. ஜுராசிக் காலத்தின் நடுப்பகுதியில் அது கடலோரச் சேற்றுவெளி. 1997-இல் அங்கே தடவரிசைகள் வெளிப்பட்டன. அதில் ஒரு பெரிய ஊனுண்ணி மணிக்கு 6.8 கி.மீ. வேகத்தில் நடந்து வருகிறது. நடக்கும்போது இடக்காலும் வலக்காலும் அகலமாக விலகி விழுகின்றன. திடீரென்று நடைவீச்சு நீள்கிறது; தடங்கள் உடம்புக்கு அடியில், கிட்டத்தட்ட ஒரே கோட்டில் விழத் தொடங்குகின்றன. ஓட ஆரம்பித்துவிட்டது! 2002-இல் அதை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்ட வேகம் 29.2 கி.மீ. எதைக் கண்டு ஓடியது, எதற்குப் பயந்து ஓடியது என்று அந்தக் கல்லில் இல்லை. ஆனால் அவ்வளவு பெரிய ஒரு விலங்கு, நடையை விட்டு ஓட்டத்துக்கு மாறிய அந்தக் கணம் அப்படியே இருக்கிறது. எந்த எலும்புக்கூடும் இதைச் சொல்லாது.

தடங்களில் வேகமானவை என்றால் இரண்டைச் சொல்லலாம். அமெரிக்காவின் டெக்சாஸில் கிடைத்த ஒரு தடவரிசையை வைத்து ஜேம்ஸ் ஃபார்லோ 1981-இல் 43 கி.மீ. வரை கணக்கிட்டார். ஸ்பெயினின் லா ரியோஹா பகுதியில் இகேயா என்ற ஊருக்குப் பக்கத்தில் கிடைத்த இரண்டு வரிசைகள் 2021-இல் வெளியாயின: ஒன்று 23 முதல் 37 கி.மீ., மற்றது 32 முதல் 45 கி.மீ. ஒவ்வொரு தடமும் ஏறக்குறைய 30 செ.மீ.தான், ஆகவே இவை நடுத்தர அளவு ஊனுண்ணிகள். ஒப்பிட்டுப் பாருங்கள்: 2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 நொடியில் ஓடியபோது அவர் தொட்ட உச்ச வேகம் 44.7 கி.மீ. அதைத் தொட்டது சில நொடிகளுக்கு மட்டும்தான், அதுவும் போட்டிக்கென்றே போட்ட ஓடுதளத்தில்.

ஓடும் தடங்கள் ஏன் இவ்வளவு அரிது? விலங்குகள் நாள் முழுக்க நடக்கின்றன. ஓடுவது கொஞ்ச நேரம். சேற்றில் ஓடுவது இன்னும் குறைவு. அதனால் தடங்களை மட்டும் நம்பினால் டைனோசர்கள் எல்லாமே மந்தமானவை என்று தோன்றிவிடும். உச்ச வேகம் தெரிய எலும்புக்குத்தான் வர வேண்டும்.

எலும்புக்கு வருமுன் ஒரு சின்னப் பாடம், அதுவும் சமையலறையிலிருந்து. கோழிக்கடையில் வாங்கும் லெக் பீஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாம் பிடித்துக் கடிக்கும் அந்தத் துண்டு கோழியின் முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி. சதை முழுக்க மேல் பக்கம் திரண்டிருக்கும். கீழே வரவர ஒடுங்கி வெறும் நரம்பு மாதிரியான தசைநாணாக முடியும். அதற்கும் கீழே, செதில் செதிலாக மஞ்சளாக இருப்பதைக் கடைக்காரர் வெட்டிப் போட்டுவிடுவார், அல்லது சூப்புக்கு என்று தனியாக விற்பார். அதுதான் கோழியின் பாத எலும்பு. கோழி பின்பக்கமாக முழங்காலை மடக்குவதாகத் தோன்றுகிறதே, அது கணுக்கால். நிஜ முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. கனமான தசை இடுப்புப் பக்கம், கீழே மெலிந்து நீண்ட எலும்பு: இந்த அமைப்பில் காலை முன்னும் பின்னும் வீச அதிக பலம் வேண்டாம். நெருப்புக்கோழியிலும் குதிரையிலும் மானிலும் இதே உத்திதான். இரண்டு காலில் நடந்த டைனோசர்களிலும் இதே கால்தான். பறவைகளே டைனோசர் பரம்பரையில் வந்தவைதானே.

ஆகவே தொடை எலும்போடு ஒப்பிட்டால் கீழ்க்கால் எவ்வளவு நீளம் என்று பார்ப்பார்கள். இதில் முதலிடம் ஆர்னித்தோமிமிடுகளுக்கு: மங்கோலியாவின் காலிமிமஸ், வட அமெரிக்காவின் ஸ்ட்ருத்தியோமிமஸ். முதல் பெயரின் பொருள் 'கோழி போன்றது', இரண்டாவதன் பொருள் 'நெருப்புக்கோழி போன்றது'. பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்கள். சின்னத் தலை, பல் இல்லாத அலகு, நீண்ட கழுத்து, தொடையைவிட நீளமான கெண்டைக்கால். பாதத்தில் மூன்று எலும்புகளில் நடு எலும்பு மேலே இடுங்கி, இரு பக்கத்து எலும்புகளுக்கும் இடையில் செருகிக்கொண்டிருக்கும். ஓடும்போது பாதம் முறுகாமல் தாங்கும். இவற்றுக்கு 50, 60 கி.மீ. என்று சொல்லும் கணிப்புகளை நான் நம்பத் தயார். உயிரோடிருக்கும் நெருப்புக்கோழி 70 கி.மீ. வரை ஓடுகிறது. காலிமிமஸ் அதைவிடக் கனம், அதனால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். டைனோசர்களில் யார் வேகம் என்று ஒரே பெயர் கேட்டால் இந்தக் குடும்பத்தைத்தான் கைகாட்டுவேன்.

ஆனால் இணையத்தில் தேடினால் பலமுறை வரும் பெயர் காம்சொக்னாதஸ், 64 கி.மீ. என்று. மூன்று கிலோ எடையுள்ள, கோழியளவு டைனோசர் அது. அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் வில்லியம் செல்லர்ஸும் ஃபில் மானிங்கும் 2007-இல் கணினிக்குள் எலும்பும் தசையும் உள்ள மாதிரி உருவங்களைச் செய்து, எப்படி ஓடினால் அதிக வேகம் வரும் என்று கணினியையே கண்டுபிடிக்க விட்டார்கள். வெலாசிராப்டர் 39, டைலோஃபோசாரஸ் 38, அலோசாரஸ் 34, டி-ரெக்ஸ் 29 என்று வந்தது. முறை சரிதானா என்று பார்க்க நெருப்புக்கோழியையும் அப்படியே ஓடவிட்டார்கள். 55 வந்தது, உண்மையைவிடக் குறைவு. மூன்று கிலோ விலங்கு நெருப்புக்கோழியை முந்தும் என்று கணினி சொன்னால் அதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இதே வெலாசிராப்டருக்கு 2017-இல் இன்னொரு குழு, உடல் எடையை மட்டும் வைத்து 54 கி.மீ. என்றது. 15 கிலோ விலங்கு, ஒன்று 39 என்கிறது, ஒன்று 54 என்கிறது. படங்களில் வருவதுபோல் அது ஆள் உயரமும் இல்லை. வான்கோழி அளவுதான், நீளத்தில் பெரும்பகுதி வால்.

சரி, டி-ரெக்ஸ். 1980களில் ராபர்ட் பேக்கர் போன்ற ஆய்வாளர்கள் டைனோசர்கள் மந்தமானவை என்ற பழைய எண்ணத்தை உடைக்கப் போராடினார்கள். அது தேவையான போராட்டம், அதில் அவர்கள் பெரும்பாலும் வென்றார்கள். ஆனால் அந்த உற்சாகத்தில் டி-ரெக்ஸுக்கு 70 கி.மீ. என்ற எண்ணும் வந்து சேர்ந்தது. கேள்வியில் உள்ள 70 அங்கிருந்து வந்ததுதான்.

இது ஏன் நடக்காது என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு விலங்கை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதாக்கினால் எடை 8 மடங்கு ஆகும். ஆனால் தசையின் பலம் அதன் தடிமனைப் பொறுத்தது. குறுக்கே வெட்டினால் தெரியும் பரப்பு 4 மடங்குதான் கூடும். எடை ஏறும் வேகத்துக்குப் பலம் ஏறாது. ஜான் ஹட்சின்சனும் மரியானோ கார்சியாவும் 2002-இல் இதையே டி-ரெக்ஸின் எலும்புகளை வைத்து நுணுக்கமாகச் செய்தார்கள். அந்த 70 கி.மீ.க்குக் கிட்டத்தட்ட உடல் எடையில் 86 சதவீதம் கால் தசையாகவே இருந்தாக வேண்டும் என்று வந்தது. பிறகு தலைக்கும் குடலுக்கும் வாலுக்கும் எங்கே இடம்? ஒரு கோழியை 6 டன்னுக்குப் பெரிதாக்கினால் என்ன ஆகும் என்றும் பார்த்தார்கள். அதால் ஓடவே முடியாது. அவர்கள் தந்த எல்லை 18 முதல் 40 கி.மீ. பிறகு வந்த ஆய்வுகள் இன்னும் இறக்கின. 2017-இல் எடையை வைத்துக் கணக்கிட்டவர்கள் 27 என்றார்கள். அதே ஆண்டு செல்லர்ஸ் குழு, எலும்பு தாங்கும் அழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்து, நிஜமாக ஓடினால் கால் எலும்பே உடையும், வேகநடைதான் சாத்தியம், ஏறக்குறைய 20 கி.மீ. என்றது. 2007-இல் 29 சொன்ன அதே செல்லர்ஸ்தான். தன் எண்ணைத் தானே திருத்தியதால் அவர் மேல் எனக்கு மதிப்பு கூடியது.

நம்மூர் யானையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். ஆசிய யானைகளைத் தாய்லாந்தில் ஓடவிட்டு ஹட்சின்சன் குழு 2003-இல் அளந்தது. உச்சம் 25 கி.மீ. அந்த வேகத்திலும் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பவில்லை. யானை குதிக்காமலேயே அவ்வளவு வேகம் போகிறது, அதை எதிரே பார்த்தவர்கள் யாரும் 'மெதுவான விலங்கு' என்று சொல்ல மாட்டார்கள். டி-ரெக்ஸ் யானையைவிடக் கனமாக இருந்தும் இரண்டே காலில் நின்றது. வேகமாகப் போகும்போது தடுக்கி விழுந்தால் ஊன்றிக்கொள்ள அந்தக் குட்டிக் கைகள் உதவாது. அந்த எடை நெஞ்சோடு தரையில் மோதும்.

ஆனால் அதன் இரையும் மான் இல்லையே. டிரைசெராடாப்ஸும் எட்மாண்டோசாரஸும் டன் கணக்கில் எடையுள்ளவை. அவையும் அதே எல்லைக்குள்தான். இரையைவிட ஒரு படி முந்தினால் போதும். இதைவிட முக்கியமான விஷயம், 2019-இல் எரிக் ஸ்னைவ்லி குழு காட்டியது: அதே எடையுள்ள மற்ற பெரிய ஊனுண்ணிகளைவிட டி-ரெக்ஸ் குடும்பம் உடம்பைச் சட்டென்று திருப்பும். குட்டையான உடல், இடுப்பில் பெரிய தசை. வேட்டையில் நேர்க்கோட்டு வேகத்தைவிட இது உதவியிருக்கும் என்பது என் கணிப்பு.

இதற்கு நேர் எதிர் அர்ஜென்டினாவின் கார்னோடாரஸ், கண்ணுக்கு மேல் கொம்பு உள்ளது. வாலிலிருந்து தொடைக்கு வரும் ஒரு தசைதான் காலைப் பின்னுக்கு உதைக்கிறது. பல்லி, முதலை எல்லாவற்றிலும் உண்டு. கார்னோடாரஸுக்கு அது ஒரு காலுக்கு 111 முதல் 137 கிலோ வரை இருந்திருக்கும் என்று 2011-இல் ஸ்காட் பெர்சன்ஸும் ஃபில் கரியும் கணக்கிட்டார்கள். நேராக ஓடினால் நல்ல வேகம். ஆனால் அந்தத் தசைக்கு இடம் கொடுக்க வால் விறைத்துப்போனது, திரும்புவது கஷ்டம். குஜராத்தில் கிடைத்த ராஜசாரஸ் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

நீண்ட கழுத்துக்காரர்களான சௌரோபாடுகள் ஓடவே இல்லை. அவற்றின் தடங்கள் பெரும்பாலும் நாம் நடக்கும் வேகத்தைத்தான் காட்டுகின்றன. 80 டன்னைத் தாண்டிய அர்ஜென்டினோசாரஸுக்குக் கணினி தந்தது 8 கி.மீ. நம் அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த பிருகத்காயோசரஸ் இந்த ரகம்தான், அதுவும் இதில் மிகப் பெரியவற்றில் ஒன்று. 1980களில் அதை விவரித்தபோது ஊனுண்ணி என்றுதான் நினைத்தார்கள். எலும்புகள் பிறகு உதிர்ந்து போய்விட்டன என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஸ்டெகோசாரஸ், ஆங்கைலோசாரஸ் போன்ற கவசக்காரர்களும் மெதுவானவர்களே. ஸ்டெகோசாரஸுக்கு முன்கால் குட்டை, பின்கால் நெட்டை, எட்டிப் போட்டால் பின்கால் முன்காலில் இடிக்கும்.

கடைசியாக, தப்பிக்க முடியுமா? திறந்த வெளியில், முன்கூட்டியே பார்த்துவிட்டால், நன்றாக ஓடும் இளைஞர் டி-ரெக்ஸிடமிருந்து தப்பலாம். வெலாசிராப்டரிடம் ஓடித் தப்ப முடியாது, ஆனால் 15 கிலோ விலங்கைக் கம்பெடுத்து விரட்டலாம். டி-ரெக்ஸின் வேகத்தில் எனக்கு மிகவும் பிடித்த எண் ஓட்டத்தைப் பற்றியதே இல்லை. நெதர்லாந்தின் லைடன் நகர அருங்காட்சியகத்தில் 'டிரிக்ஸ்' என்ற டி-ரெக்ஸ் இருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் அதன் வால் மேலும் கீழும் ஊஞ்சல்போல் ஆடும். அந்த ஆட்டத்தோடு நடை ஒத்துப்போனால்தான் சக்தி மிச்சமாகும். பாஷா வான் பெய்லெர்ட் குழு 2021-இல் அந்த வாலின் இயல்பான ஆட்டத்தைக் கணக்கிட்டு, டிரிக்ஸ் காலாற நடந்த வேகம் மணிக்கு 4.6 கி.மீ. என்றது. காலையில் பூங்காவில் நடப்பவர்கள் போகும் அதே வேகம்.